எரித்த பின்னும் நடந்தவள்

மதுரையை எரித்த தீயில் எங்கள் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. இளங்கோவடிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் வேலணைத் தீவின் மண்கும்பானில் பிறந்த எனக்குச் சிலப்பதிகாரம் பள்ளிக்கூடத்தில்தான் கிடைத்தது. கோவலன் கதை அதற்கு வெகு முன்பே காதில் ஏறிவிட்டது. அந்தக் கதையில், கண்ணகியின் சிலம்புக்குள் இடுவதற்கு நாகமணி வேண்டியிருக்கிறது. புகாரில் அது இல்லை. நயினாதீவில் உண்டு என்று கேள்விப்பட்டு மீகாமன் கப்பலோடு புறப்படுகிறான். நெடுந்தீவிலிருந்து கடலை ஆண்ட வெடியரசன் அவனை மறிக்கிறான். கடற்சண்டை மூள்கிறது. வெடியரசன் தோற்கிறான். மணி புகாருக்குப் போய்ச் சிலம்பில் ஏறுகிறது. பாண்டியன் தவறு செய்தான் என்று மதுரை அரண்மனையில் காட்டிக்கொடுத்த சாட்சி எங்கள் தீவுகளிலிருந்து போனது என்பதுதான் கதையின் பெருமை.

அப்பு இந்தக் கதையை வீட்டில் சொன்னதாக நினைவில்லை. சூள் கொளுத்தி மீன்பிடிக்கப் போகும் இரவுகளில் கடலுக்குள் நின்றுதான் சொல்வார். காய்ந்த தென்னோலையை ஆளுயரத்துக்கு இறுக்கிக் கட்டினால் சூள். நிலவில்லாத நாள் பார்த்து, காற்று விழுந்த நேரம் பார்த்து, முழங்காலளவு தண்ணீரில் இறங்குவோம். அவருக்கு இடக்கையில் சூள், வலக்கையில் மீன் குத்தும் மண்டா. வெளிச்சம் பட்டதும் ஓராவும் திரளியும் திகைத்து நிற்கும். சூளைக் கீழே சரித்தால் தீ கைக்கு ஏறிவிடும். நிமிர்த்தினால் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சரிவு உண்டு. அந்தச் சரிவு கைக்குப் பழகியவன்தான் சூள் பிடிக்கலாம். எனக்கு ஓலைக்கட்டைச் சுமக்கும் வேலை மட்டும்.

"மோனை, நெருப்புக் கொளுத்திறது பெரிய வேலையில்லை. எங்கை நூர்க்கிறதெண்டு பாத்துப்போட்டுக் கொளுத்த வேணும்" என்பார். மீன்பிடிக்குச் சொன்ன புத்திதான். ஆனால் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய பிறகு, எங்கள் பகுதிக் கதைகள் எல்லாமே அந்த ஒரு புத்தியைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன என்று பட்டது. தீயை மூட்டும் இடத்தில் அவை முடிவதில்லை. தணித்த பிறகே வாய் மூடுகின்றன.

யாழ்ப்பாணத்தில் கோவலன் கதை, வன்னியில் சிலம்பு கூறல், மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை. மூன்று பெயரும் ஒரே காவியத்துக்கு. ஏட்டில் இருந்து, கோயில்களில் படிக்கப்பட்டு வந்தது. மண்டூர்ப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968 இல் கண்ணகி வழக்குரை என்ற பெயரில் அதைப் பதிப்பித்தார். வெடியரசன் சண்டை வருவது அதன் கடலோட்டு காதையில். இளங்கோவின் முப்பது காதைகளில் இப்படி ஒன்று இல்லை. அவருடைய கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். அவை எந்தக் கடல் கடந்து வந்தன என்று அவர் சொல்லவில்லை. அவர் விட்ட இடத்தில் தீவார் தங்கள் கப்பலை ஓட்டிவிட்டார்கள். கதை சொல்பவரைப் பொறுத்து நாயகனும் மாறுவான். முக்குவர் மரபில் வெடியரசன் மானங்காத்த மன்னன். மீகாமனைப் போற்றுவோருக்கு அவன் வழிமறித்த பகைவன். நெடுந்தீவின் மேற்கே முருகைக்கல் இடிபாடுகளை இன்றைக்கும் வெடியரசன் கோட்டை என்றுதான் காட்டுவார்கள். தொல்லியலார் அங்கே பௌத்த எச்சங்களைப் பார்க்கிறார்கள்.

இனி தீக்கு வருவோம். இளங்கோவின் மதுரைத் தீ கட்டறுந்த தீ அன்று. இடமுலையைத் திருகி எறிந்த கண்ணகியின் முன் அக்கினிதேவன் பார்ப்பன உருவில் வந்து நின்று, யாரைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேரச் சொல்கிறாள் அவள். கணவனை இழந்த நாளில், தலைவிரி கோலத்தில் நிற்கும் ஒருத்தி சொன்ன பட்டியல் அது. சாதிவரிசை அந்தக் காலத்தினுடையது. அதை மறைக்கத் தேவையில்லை. இருந்தும் முதியவரையும் குழந்தையையும் பசுவையும் எண்ணிப் பார்க்க அவளுக்கு நிதானம் இருந்தது. ஆண்டாண்டாகப் படிப்பித்தும் எனக்கு அலுக்காத இடம் இது.

ஊரை எரித்தவளுடைய சூடு எங்கே போனது என்பது அடுத்த கேள்வி. இளங்கோவின் கண்ணகி வைகைக் கரை வழியாக மேற்கே நடந்து, மலைநாட்டு வேங்கை மர நிழலில் நின்று, பதினான்காம் நாள் கோவலனோடு வானேறுகிறாள். வஞ்சியில் சேரன் செங்குட்டுவன் கோயில் எடுக்கிறான். அந்த விழாவுக்கு வந்த மன்னர்களில் இலங்கைக் கயவாகுவும் ஒருவன் என்கிறது காவியம். சிங்கள மக்களிடம் அவள் பத்தினி தெய்யோ ஆனாள். அந்த வழிபாட்டை ஆராய்ந்து கணநாத் ஒபயசேகர எழுதிய பெருநூல் 1984 இல் வந்தது. ஈழத்துத் தமிழ்க் கதையோ அவளை வானுக்கு அனுப்ப அவசரப்படவில்லை. கண்ணகி வழக்குரையின் கடைசிப் பகுதிக்குக் குளிர்ச்சிக் காதை என்று பெயர். எரித்தவளைக் குளிர்விக்காமல் ஏட்டைக் கட்டக் கூடாது. மட்டக்களப்புக் கோயில்களில் வைகாசிச் சடங்கு குளிர்த்தியோடுதான் நிறைவேறும்; வேப்பிலையும் தண்ணீரும் பாட்டுமாக அவள் சினத்தை இறக்குவார்கள்.

வடக்கில் அவள் நடந்த வழியே ஒரு தனிக் கதை. ஐந்தலை நாகமாகக் கடல் கடந்து நயினாதீவில் ஏறினாள் என்பார்கள். எங்கள் வேலணைத் தீவிலுள்ள சுருவில், வலிகாமத்து அங்கணாமைக்கடவை, கரைச்சிப் பக்கம் புளியம்பொக்கணை என்று தங்கிய இடங்களைச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் பட்டியல் மாறும், தன் ஊரை எவரும் விடமாட்டார். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறு அந்த நாகம் ஊர்ந்த தடம் என்பதும் கதைதான். கடைசியாக அவள் வந்து அமர்ந்தது முல்லைத்தீவில், நந்திக்கடலோரம், வற்றாப்பளையில்.

அங்கே அவள் ஒரு கிழவி. மாடு மேய்க்கும் பெடியளிடம் பசிக்கிறது என்கிறாள். அவர்கள் புக்கை பொங்குகிறார்கள். பொழுது இருண்டுவிடுகிறது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை அள்ளி ஊற்றித் திரியைக் கொளுத்தச் சொல்கிறாள். விளக்கு எரிகிறது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கினால் தலை நிறையக் கண்கள். பெடியள் மிரண்டு நிமிரக் கிழவியைக் காணவில்லை. இன்றும் வைகாசி விசாகத்தை ஒட்டிய பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றி, வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஒரு நகரத்தை எரித்த கைக்குக் கதை கடைசியில் கொடுத்த வேலை, மாட்டுக்காரப் பெடியளுக்கு இருட்டில் ஒரு விளக்குக் கொளுத்திக் கொடுப்பது. எரிபொருளும் தீயை அவிக்கும் தண்ணீரேதான். கிரேக்கருடைய புரொமிதியஸ் கதையில் தீ, தேவரிடமிருந்து களவெடுத்த பொருள். மனிதனுக்கு அது கிடைத்ததா என்பதே அங்கே கேள்வி. எங்கள் கிழவி கதையில் தீ ஏற்கெனவே அவளுக்குள் இருக்கிறது. அதைச் சுற்றியிருப்பவர்கள் தாங்கும் அளவுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதே கேள்வி.

இது ஏட்டுக்குள் கிடந்த தத்துவமாக இருக்கவில்லை. வீட்டு நடைமுறையாக இருந்தது. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கொப்பளிப்பான் போட்டால் அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். ஆச்சி வாசலில் வேப்பிலை செருகுவா. தாளிதம் இல்லை, பொரியல் இல்லை. பிள்ளைக்கு இளநீரும் மோரும். புண் காய்ந்ததும் வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு வார்ப்பார்கள். பிறகு ஒரு பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்க வேண்டும். உடம்பில் ஏறியது கண்ணகியின் சூடு என்று நம்பினார்கள். ஆகவே அதைத் திட்டவில்லை, மரியாதையோடு இறங்கக் கேட்டார்கள். ஆச்சி இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைப்பதும் இதே கைப்பழக்கந்தான். விடியச் சாம்பலை விலக்கி, பொச்சை வைத்து ஊதினால் தீ பிடிக்கும். அயல்வீட்டுப் பெண் சிரட்டையோடு வந்து தணல் கேட்பாள்.

கோயிலில் கேட்ட கந்தபுராணப் படிப்பும் இதே ஒழுங்கில்தான் வந்தது. சிவனுடைய நெற்றிக்கண்களிலிருந்து ஆறு பொறிகள் பறக்கின்றன. சூடு தாங்காமல் தேவர்கள் ஓடுகிறார்கள். வாயுவும் அக்கினியும் சுமந்துபோய்க் கங்கையில் விட, கங்கை சரவணப் பொய்கையில் சேர்க்க, தண்ணீரில்தான் அவை ஆறு குழந்தைகளாகின்றன. மணிமேகலை இன்னும் நெருக்கம். கனியொன்றை மிதித்துச் சிதைத்ததற்காக விருச்சிக முனிவன் சாபத்துக்கு ஆளான காயசண்டிகைக்கு யானைத்தீ என்னும் நோய். பன்னிரண்டு ஆண்டு எவ்வளவு தின்றும் அடங்காத வயிற்று நெருப்பு. அதைத் தணித்தது அமுதசுரபியிலிருந்து விழுந்த ஒரு கவளம். அந்தப் பாத்திரம் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து மேலே வந்தது, அதுவும் வைகாசி விசாகத்தில். மணிபல்லவம் நயினாதீவே என்பது எங்கள் மரபு. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும், கண்ணகியின் கதையில் மதுரையை எரிக்க மணி போனதும், மணிமேகலையின் கதையில் பசியை அவிக்கப் பாத்திரம் போனதும் இந்தக் கடலிலிருந்துதான் என்று தீவார் நம்பினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வழிபாட்டுக்கு ஓர் இடி விழுந்தது. ஆகமம் சொல்லாத தெய்வங்களை ஆறுமுக நாவலர் ஏற்கவில்லை. சமண வணிகக் குலத்துப் பெண்ணைச் சைவர் தொழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அவருக்குப் பின் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி, நாகபூஷணி என்று பெயர் மாறின. பூசை ஒழுங்கு வந்தது, கோபுரம் வந்தது. கோவலன் கதைப் படிப்பு ஒதுங்கியது. புங்குடுதீவுக் கோயிலும் இராஜராஜேஸ்வரி ஆனது. சனத்தின் வாயில் மட்டும் அவள் கண்ணகை அம்மனாகவே இருந்தாள்.

அந்தக் கோயிலின் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியார் தண்ணீர் அள்ளக் கூடாது என்றிருந்தது. உப்புத் தண்ணீர் சூழ்ந்த தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் உயிர். குளிர்விக்க வேண்டிய தெய்வத்தின் வாசலில் தாகத்துக்குத் தடை. 1971 இல் புங்குடுதீவு எழுத்தாளர் மு. தளையசிங்கம் அந்தக் கிணற்றுக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார், பொலிசாரிடம் அடிபட்டார். 'போர்ப்பறை', 'மெய்யுள்' போன்ற நூல்களின் ஆசிரியர் அவர். 1973 இல், நாற்பதை எட்டாமலே காலமானார். எழுத்தும் வாழ்வும் வேறாக இருக்கக் கூடாது என்று எழுதியவர், கண்ணகியின் கதையில் தணிப்பு என்பது யாருடைய பங்கு என்பதை அந்தக் கிணற்றடியில் நின்று கேட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு, தணிக்க எவரும் வராத தீ வந்தது. 1981 மே முடிந்து யூன் பிறந்த நாட்களில், ஓர் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து முடிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஏட்டுச் சுவடிகளும் அவற்றுக்குள். பண்ணைக்கடலுக்கு அப்பால் வானம் சிவந்திருந்ததை எங்கள் கரையிலிருந்து பார்த்தோம். எரிவது என்ன என்று அந்த நேரத்தில் தெரியாது. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் மொழியறிஞர் தாவீது அடிகள் உயிர்விட்டார். கவிஞர் எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' எழுதினார்: கொன்றவர்கள் புத்தரின் உடலைப் புத்தகங்களால் மூடிக் கொளுத்துகிறார்கள், தம்மபதமும் சேர்ந்து சாம்பலாகிறது. கவிஞர் சேரனின் 'இரண்டாவது சூரிய உதயம்' எரியும் நகரத்தின் செம்மையை விடியலாகப் பார்த்தது. தமிழ் எழுத்தில் தீ அந்த ஆண்டோடு குணம் மாறிவிட்டது. அதற்கு முன் அது கற்பு, ஊழ், வேள்வி, காமம். எஸ். பொ. 1961 இல் தன் நாவலுக்குத் 'தீ' என்று பெயர் வைத்தபோதும் உள்ளே எரிந்தது உடலின் இச்சைதான். 1981 க்குப் பிறகு தீ என்றாலே யார் வைத்தது என்ற கேள்வி கூடவே வந்தது.

மதுரைத் தீக்கு ஒரு பட்டியல் இருந்தது என்றேன். நூலகத்துக்கு வைத்த தீயிடம் எவரும் எதையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பழைய காவியத்தை ஒப்பிட்டால்தான் அந்த இரவின் வேறுபாடு உறைக்கிறது. கண்ணகிக்கு ஒரு வழக்கு இருந்தது, அவள் அதை அவையில் உரைத்தாள், சான்று காட்டினாள், மன்னனே தன் தீர்ப்பைத் தனக்கு எழுதிக்கொண்டான். அதன் பின்னரே தீ. இங்கே வழக்கும் இல்லை, அவையும் இல்லை, முதலிலேயே தீ.

1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளில் இறங்கியது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஊர்களில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்களில் பலர் திரும்பவில்லை. சனம் எழும்பி ஓடியது. அடுத்த ஆண்டுக்குள் தீவுகள் அநேகமாக வெறித்துப்போயின. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 1995 இல் 'காற்றுவெளிக் கிராமம்' என்ற தொகுப்பைத் தந்தார். ஆளில்லாத வீடுகள், விளக்கேற்றாத வாசல்கள், காற்று மட்டும் போய்வரும் தெருக்கள். எரிந்ததைவிட எரியாமல் போன அடுப்புகளின் துயரம் அதில் அதிகம். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி 2001 இல் 'கொரில்லா' எழுதினார். வில்வரத்தினத்தின் துக்கமும் ஷோபாசக்தியின் எள்ளலும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. இருவரிடமும் குளிர்ச்சிக் காதை இல்லை என்பதில் மட்டும் ஒற்றுமை. காயம் ஆறாத இடத்தில் குளிர்த்தி பாடினால் பொய்யாகிவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. 1968 இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினாவில் கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள்: கையில் சிலம்பு, விரித்த கூந்தல், எரிக்கப்போகும் கணம். 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006 இல் மறுபடி நிறுத்தினார்கள். அத்தனை ஆரவாரமும் அந்த ஒரு கணத்தைச் சுற்றித்தான். அதே 1968 இல்தான் கந்தையாவின் பதிப்பு கிழக்கிலங்கையில் வெளிவந்தது. அதில் கண்ணகி எரித்த பின்னும் நடக்கிறாள், களைக்கிறாள், குளிர்கிறாள். சிலையைத் தெரியாத தமிழர் இல்லை. புத்தகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

வகுப்பில் வழக்குரை காதையைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் நிமிர்ந்து இருப்பார்கள். பாண்டியன் விழுந்ததும் பாடம் முடிந்துவிடும். வினாத்தாளும் அதற்கு மேல் கேட்பதில்லை. நான் மணியடித்த பிறகும் அவர்களைக் கொஞ்சம் இருத்திவைத்து மாட்டுக்காரப் பெடியளின் கதையைச் சொல்வேன். கடல் தண்ணீரில் விளக்கு எரியுமா என்று விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். எரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் கோபத்தோடு ஊருக்குள் வந்தவளுக்கு முதலில் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் யாரென்று அந்தப் பிள்ளையிடமே திருப்பிக் கேட்பேன். கோவலன் கதை தீவுக் கோயில்களில் மறுபடி படிக்கப்பட வேண்டும், கடலோட்டு காதையிலிருந்து கடைசி ஏடு வரைக்கும். எரித்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணகியை எங்கள் ஆள் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.